ஸ்ரோனி ஏரிக்கரையில் ஒரு கிழமை

ஓகஸ்ட் 8ஆம் திகதி, சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அந்த வீட்டின் திறப்பு எங்கள் கைக்கு வரும். பீற்றர்பரோவுக்கு வடக்கே, ஸ்ரோனி ஏரிக்கரையில், ஐந்து அறையும் பெரிய விறாந்தையும் உள்ள மரவீடு. ஒரு கிழமைக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அடுத்த சனி காலை பத்து மணிக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த ஒரு கிழமைக்காக நான் ஜனவரியில் இருந்து காத்திருக்கிறேன்.

லண்டனில் இருந்து அண்ணா, அண்ணி, பிள்ளைகள். மார்க்கத்தில் இருந்து அக்கா, அத்தான், அவர்களோடு இருக்கிற அம்மா. ஸ்காபரோவில் இருந்து நாங்கள். மொன்றியலில் இருந்து சின்னம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறா. எங்களில் பெரியவர்கள் ஒரு கூரையின் கீழே கடைசியாகப் படுத்து எழும்பியது யாழ்ப்பாணத்தில், ஊரில். எங்கள் பிள்ளைகள் யாரும் அதைக் கண்டதில்லை.

ரொறன்ரோவில் சொந்தக்காரர் கூடுகிற இடம் மண்டபம். கல்யாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் எல்லாமே அங்கேதான். சத்தமான பாட்டுக்கு நடுவே பக்கத்தில் இருப்பவரின் காதுக்குள் கத்தி நலம் விசாரிக்கிறோம். சாப்பிடுகிறோம், மேடையில் ஏறிப் படம் எடுக்கிறோம், கோட்டைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுகிறோம். என் மகளுக்கு அவளுடைய மச்சாள்மாரின் முகம் தெரியும். எந்த வகுப்புப் படிக்கிறார்கள் என்பதும் தெரியும். காலையில் யார் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழும்புவாள், யார் புட்டோடு வாழைப்பழம் கேட்பாள், யாருக்கு இருட்டுப் பயம் என்பதெல்லாம் தெரியாது. என் மச்சான்மாரைப் பற்றி எனக்கு இவை அத்தனையும் தெரியும். பள்ளிக்கூட விடுதலைக்கு அம்மம்மா வீட்டு ஹோலில் வரிசையாகப் பாயைப் போட்டுப் படுத்ததில் தெரிந்தது. பகல் முழுக்கச் சண்டை பிடித்துவிட்டு இரவு அதே பாயில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வேண்டியிருந்ததில் தெரிந்தது. இந்த நாட்டில் அதைக் காசு கொடுத்துத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றால், செய்வோம் என்று நினைத்தேன்.

நண்பர்கள் சிலர் நீண்ட வார இறுதிக்குப் போனால் போதாதா என்று கேட்டார்கள். போதாது. முதல் நாள் சாமான் இறக்குவதிலும் கட்டிலுக்கு விரிப்புப் போடுவதிலும் போய்விடும், கடைசி நாள் கூட்டித் துடைப்பதில் போய்விடும். நடுவில் மிஞ்சுகிற ஒரு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடித் திரிவோம். ஒருவரோடு ஒருவர் பேச விஷயம் தீர்ந்து, சும்மா இருக்கத் தொடங்குவது மூன்றாம் நாளுக்குப் பிறகுதான். அந்தச் சும்மா இருக்கிற நேரத்துக்காகத்தான் போகிறோம்.

முற்பணம் கட்டுவதற்கு முந்திய இரவு, வீட்டுக்காரர் அனுப்பிய படங்களை அம்மாவுக்குக் காட்டினேன். அன்றைக்கு எடுத்த படம் ஒன்றும் இருந்தது. ஏரி முழுக்க வெள்ளை. அதன் மேலே பனிவண்டி ஓடிய தடம்.

“தம்பி, இது கல்லாய் இறுகிக் கிடக்குதே. உள்ளுக்கை இருக்கிற மீனெல்லாம் செத்துப் போகாதோ?”

“இல்லை அம்மா. மேலைதான் ஐஸ். கீழை தண்ணியாத்தான் இருக்கும்.”

“கீழை மட்டும் ஏன் இறுகேல்லை?”

நல்ல கேள்வி. தண்ணீர் மிகவும் பாரமாக இருப்பது 4 பாகை செல்சியஸில். அதைவிடக் குளிர்ந்தால் பாரம் குறைந்து மேலே வரும். அதனால் பூச்சியத்தைத் தொடுகிற தண்ணீர் மேலே கிடந்து உறைகிறது, 4 பாகைத் தண்ணீர் அடியில் தங்கிவிடுகிறது. மேலே உள்ள ஐஸ் வெளிக்குளிர் உள்ளே இறங்காமல் தடுக்கிறது. மீன்கள் அசைவைக் குறைத்துக்கொண்டு அடியில் இருக்கின்றன. வசந்தத்தில் ஐஸ் கரைந்து மேல் தண்ணீரும் 4 பாகைக்கு ஏறும்போது மேலும் கீழும் ஒரே பாரமாகிவிடும். அப்போது காற்று அடித்தால் ஏரி முழுவதும் கலங்கிப் புரளும், மேலே உள்ள பிராணவாயு அடிவரை போகும். கோடையில் திரும்பவும் மேலே சூடு, கீழே குளிர் என்று இரண்டாகப் பிரியும். ஓகஸ்டில் நீந்துகிற ஒருவர் ஆழத்தில் மூழ்கினால் ஓரிடத்தில் திடீரென்று குளிரும். அந்த இரண்டும் சந்திக்கிற இடம் அது.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப மீன் தப்பும்” என்றா. பிறகு, எந்தக் கிழமை போகிறோம் என்று கேட்டா.

எனக்கு ஓகஸ்ட் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. மே நடுப்பகுதியில் இருந்து ஜூன் வரை அந்தப் பக்கத்துக் கறுப்பு ஈக்கள் காதுக்குப் பின்னாலும் மயிரோரத்திலும் கடித்து இரத்தம் வரவைக்கும். பிறகு நுளம்பு. ஜூலையில் தலையைச் சுற்றிச் சுற்றி வருகிற மான் ஈ. ஓகஸ்டில் இவை அடங்கிவிடும், தண்ணீரும் நன்றாகச் சூடேறியிருக்கும். முதலாம் கிழமையா இரண்டாம் கிழமையா என்பதுதான் கேள்வி. அம்மா சுவரில் தொங்கிய கோயில் கலண்டரை எடுத்துப் பார்த்துவிட்டு, “எட்டாந் திகதிக் கிழமைதான் வேணும்” என்று உறுதியாகச் சொன்னா. ஏன் என்று அப்போது சொல்லவில்லை. நானும் மறுபேச்சில்லாமல் அந்தக் கிழமையையே எடுத்தேன்.

போகிற வழியை மனதுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். 401இல் கிழக்கே போய், 115இல் ஏறி, பீற்றர்பரோவைத் தாண்டி 28ஆம் வீதியில் வடக்கே. இரண்டு மணித்தியாலம் போதும். ஆனால் பீற்றர்பரோவில் இறங்கியே ஆக வேண்டும். அங்கே உள்ள படகுத் தூக்கியைப் பிள்ளைகள் பார்க்காமல் போகக் கூடாது.

ஒன்ராறியோ ஏரிப் பக்கத்து ட்ரென்ரனில் இருந்து ஜோர்ஜியன் குடாவின் போர்ட் செவேர்ண் வரை 386 கிலோமீற்றர் நீளத்துக்கு ஆறுகளையும் ஏரிகளையும் வெட்டுவாய்க்கால்களால் கோத்த நீர்வழி ஒன்று இருக்கிறது. ட்ரென்ட் செவேர்ண் நீர்வழி என்று பெயர். 1833இல் தொடங்கிய வேலை 1920இல்தான் முழுமையாக முடிந்தது. எங்கள் ஸ்ரோனி ஏரியும் அந்தக் கோவையில் ஒன்று. பீற்றர்பரோவில் மட்டும் படகுகள் 19.8 மீற்றர் உயரத்தை ஒரே இடத்தில் ஏற வேண்டும். அதற்காக 1904இல் திறந்ததுதான் இந்தத் தூக்கி. பெரிய தண்ணீர்த் தொட்டிகள் இரண்டு, ஒன்று மேலே, மற்றது கீழே. இரண்டுக்கும் அடியில் தண்ணீர் நிரம்பிய உருளைத்தண்டுகள், அவற்றை இணைக்கும் ஒரு குழாய். மேல் தொட்டிக்குள் கூடுதலாக ஓரடித் தண்ணீரை விடுகிறார்கள். அந்தப் பாரத்தில் அது இறங்க, தராசுத் தட்டுப் போலக் கீழ்த் தொட்டி படகுகளோடு மேலே எழும்புகிறது. தூக்குவதற்கு இயந்திரம் வேண்டாம். நூற்றியிருபது வருடம் கடந்தும் அதே முறையில் வேலை செய்கிறது. என் மகன் எந்தச் சாமானையும் கழற்றிப் பார்க்கிற வயதில் இருக்கிறான். அந்தத் தொட்டி எழும்பும்போது அவனுடைய முகத்தை நான் பார்க்க வேண்டும்.

ஸ்ரோனி ஏரியைத் தேர்ந்ததற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் தெற்குப் பக்கம் சுண்ணாம்புக்கல், வடக்குப் பக்கம் கருங்கல். கனடாவின் பெரும்பகுதிக்கு அடியில் கிடக்கிற, நூறு கோடி வருடத்துக்கும் பழைய கேடயப் பாறை அந்த இடத்தில்தான் வெளியே தலைகாட்டத் தொடங்குகிறது. ஏரி முழுக்கச் சின்னச் சின்னத் தீவுகள். ஒவ்வொன்றிலும் இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த பாறை, அதன் வெடிப்புக்குள் வேர்விட்ட பைன் மரம். யாழ்ப்பாணமும் சுண்ணாம்புக்கல் மண். அங்கே மழைத்தண்ணீர் கல்லுக்குள் இறங்கிக் கிணற்றில் நின்றது. கிண்டினால் தண்ணீர், ஆனால் கண்ணுக்கு முன்னால் இப்படி விரிந்து கிடக்காது. அப்பா கனடா வந்த புதிதில் இங்குள்ள தண்ணீரை நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டு நிற்பார். கோடை முழுக்கப் பின்னேரம் ஸ்காபரோ ப்ளஃப்ஸுக்கு நடந்துபோய் ஒன்ராறியோ ஏரியைப் பார்த்துவிட்டு வருவார். “இவ்வளவும் நல்ல தண்ணி” என்பார். அவரைக் கொண்டுபோய் வடக்கே உள்ள ஏரிகளைக் காட்டுவதற்கு முன்னம் அவர் போய்விட்டார்.

வீட்டுக்காரர் அனுப்பிய விதிமுறைகளை நான் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் தமிழில் எழுதி அனுப்பியிருக்கிறேன். நகரத்துக் குழாயும் கழிவு வாய்க்காலும் அங்கே இல்லை. தண்ணீர் ஏரியில் இருந்து பம்ப் மூலம் வருகிறது, வடிகட்டி புற ஊதா விளக்கைத் தாண்டித்தான் குழாய்க்கு வரும். குடிக்கப் போத்தல் தண்ணீர் கொண்டுபோகிறோம். கழிவு போவது வளவுக்குள் புதைத்த தொட்டிக்கு. அந்தத் தொட்டியில் பக்டீரியாதான் வேலை செய்கிறது. பொரித்த எண்ணெயையும் கறிக் கொழுப்பையும் சிங்கில் ஊற்றினால் தொட்டி அடைபடும். எல்லோரும் அடுத்தடுத்துக் குளித்துக்கொண்டே துணியும் துவைத்தால் தொட்டி நிரம்பி, தெளியாத தண்ணீர் மண்ணுக்குள் போய், கடைசியில் பிள்ளைகள் நீந்துகிற ஏரிக்கே வந்துசேரும். யாழ்ப்பாணத்தில் மலசலகூடக் குழியும் கிணறும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, தோட்டத்து உரமும் சேர்ந்து நல்ல தண்ணீர் கெட்டுப்போன கதை எங்களுக்குத் தெரியும். அதனால் இதை வீட்டுக்காரரின் கண்டிப்பாக நான் எடுக்கவில்லை. எண்ணெயைப் பழைய டின்னில் ஊற்றி ஸ்காபரோவுக்கே திருப்பிக் கொண்டு வருவோம். பொரியலும் நண்டுக் குழம்பும் வெளியே, பார்பகியூவின் பக்க அடுப்பில். சமையல் மணம் வெளியே போனால் வீட்டுக்காரருக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. குப்பையை மட்டும் இரவில் வெளியே வைக்கக் கூடாது. கரடி வரும்.

சாப்பாட்டைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிற்காது. அக்கா இடியப்பமாவையும் தட்டுகளையும் பொறுப்பெடுத்திருக்கிறா. அண்ணி மிளகாய்த்தூளை லண்டனில் இருந்தே கொண்டு வருகிறா, எங்கள் தூள் அவவுக்குச் சரிவராது. அது போதும்.

நீச்சலைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் இந்த மாகாணத்தில் ஏரிகளில் ஆட்கள் தாண்டு போகிறார்கள். அந்தச் செய்திகளில் எங்கள் பெயர்கள் வரும்போது நெஞ்சு பதறுகிறது. எங்களில் பலர் கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளித்து வளர்ந்தவர்கள். நீச்சல் தெரியாது, தெரியாது என்று சொல்ல வெட்கம். பிள்ளைகளுக்குச் சமூக நிலையத்துக் குளத்தில் நீச்சல் தெரியும், அதை வைத்து ஏரியை மதிப்பிடுகிறார்கள். குளத்தில் அடி தெரியும், ஓரம் பிடிக்கலாம், தண்ணீர் ஒரே சூடு. ஏரியில் இவை ஒன்றும் கிடையாது. பாறை திடீரென்று முடிந்து ஆழம் விழும். குளிர் தண்ணீர் நெஞ்சில் பட்டவுடன் மூச்சை உள்ளே இழுப்போம், அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து. மூழ்குகிறவர் கையை வீசிக் கத்துவார் என்று படத்தில் காட்டுகிறார்கள். உண்மையில் பெரும்பாலும் சத்தமே வராது.

எங்கள் வீட்டுச் சட்டம் இதுதான்: தண்ணீருக்குள் நீண்டிருக்கிற டொக்கில் கால் வைத்தாலே சின்னப் பிள்ளைகள் லைஃப் ஜாக்கெற் போட வேண்டும். டொக்கில் இருந்து தலைகீழாகப் பாயக் கூடாது. பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்வரை பெரியவர் ஒருவர் பார்ப்பார், அவர் கையில் போன் இருக்காது, பியரும் இருக்காது. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆள் மாறும், மாறும்போது பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றால் யாரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள். கனூவிலும் கயாக்கிலும் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஜாக்கெற் இருக்க வேண்டும் என்பது சட்டம். படகில் வைத்திருந்தால் போதும் என்று சட்டம் விடலாம், நாங்கள் விடமாட்டோம், உடம்பில் இருக்க வேண்டும்.

மீன்பிடியில் ஒரு வேடிக்கையான நியாயம் இருக்கிறது. ஒன்ராறியோவில் வசிக்கிற 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் உரிமம் வாங்கத் தேவையில்லை. ஆகவே அம்மாவும் என் மகளும் தூண்டிலோடு உடனே இருக்கலாம். நாங்கள் இடையில் உள்ளவர்கள் காசு கட்ட வேண்டும், லண்டனில் இருந்து வருகிற அண்ணா வெளியாருக்கான உரிமம் எடுக்க வேண்டும். அம்மாவுக்கு நல்லதண்ணி மீனில் நம்பிக்கை இல்லை, கடல்மீனின் ருசி வராது என்கிறா. பழப்புளி கூடப் போட்டு வைத்தால் பாஸ் மீன் குழம்பு நன்றாக வரும் என்று அத்தான் வாதாடுகிறார். பிடித்துக் காட்டட்டும்.

ஏரியின் பக்கத்தில் பார்க்க வேண்டிய இடம் என்று நான் குறித்திருப்பது ஒன்றே ஒன்று. ஸ்ரோனி ஏரிக்கு வடக்கே பெற்றோகிளிஃப்ஸ் மாகாணப் பூங்கா. வெள்ளைப் பளிங்குப் பாறையில் ஆமை, பாம்பு, பறவை, மனிதர் என்று அனிஷினாபே மக்களின் முன்னோர் செதுக்கிய உருவங்கள் அங்கே இருக்கின்றன. கினோமாகேவாப்கொங் என்று அவர்கள் சொல்கிறார்கள், கற்பிக்கும் பாறைகள். அதன் மேலே ஒரு கட்டடம் கட்டிப் பாதுகாக்கிறார்கள். படம் எடுக்க அனுமதி இல்லை, அது வழிபாட்டிடம். பிள்ளைகள் போனை வைத்துவிட்டு ஒரு இடத்தைப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

இந்த ஏரிகளைச் சுற்றி வாழ்ந்தவர்கள் மிசிசாகா அனிஷினாபே மக்கள். பக்கத்தில் உள்ள கேர்வ் லேக் அவர்களுடைய சமூகம். 1923இல் வில்லியம்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியபோது, தங்கள் ஏரியில் மீன்பிடிக்கவும் தங்கள் காட்டில் வேட்டையாடவும் இருந்த உரிமையையும் பறித்துவிட்டார்கள். அதைத் திருத்த 2018 வரை எடுத்தது. அரசாங்கங்கள் ஏழு சமூகங்களுக்குச் சுமார் 110 கோடி டொலர் கொடுத்து, உரிமையை மீண்டும் ஒப்புக்கொண்டு, மன்னிப்பும் கேட்டன. நீர்வழிக்காக அணை கட்டித் தண்ணீரை உயர்த்தியபோது இந்த ஏரிகளில் இயற்கையாக விளைந்த மனோமின் என்ற அரிசிப்புல் பெருமளவு அழிந்தது. அது திரும்ப முளைத்த இடங்களில், படகு ஓட இடைஞ்சல் என்று கொட்டேஜ்காரர் சிலர் சண்டை பிடித்திருக்கிறார்கள். நிலம் போனால் என்னவாகும் என்று தெரிந்த ஒரு இனத்தில் இருந்து வந்தவன் நான். என் மனம் அரிசியின் பக்கம். பிள்ளைகளுக்கு இதை அந்தக் கரையில் வைத்தே சொல்லப் போகிறேன்.

அம்மா ஏன் அந்தக் கிழமையைக் கேட்டா என்பதை மாசியில்தான் சொன்னா. ஓகஸ்ட் 12, புதன்கிழமை, ஆடி அமாவாசை. அப்பா போன பிறகு அண்ணா லண்டன் கோயிலிலும் நான் இங்கேயும் தனித்தனியே விரதம் பிடித்து வருகிறோம். ஊரில் என்றால் கீரிமலைக்குப் போய்த் தீர்த்தமாடி, கடனைச் செய்துவிட்டு வந்து, மத்தியானம் இலையில் படைப்போம். காத்தோட்டிக்காய்ப் பொரியல் இல்லாமல் அந்தப் படையல் இல்லை. “இரண்டு பிள்ளையளும் ஒரே தண்ணியிலை நிண்டு செய்ய வேணும். எனக்கு அதொண்டுதான் ஆசை” என்று அம்மா சொன்னா. காத்தோட்டிக்காய்க்கு ஸ்காபரோக் கடைக்காரரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறா. ஏரிக்குள் பூவோ வாழையிலையோ போடமாட்டோம், எள்ளும் தண்ணீரும் மட்டும். செவ்வாய் இரவுக்குப் பிறகு தூண்டில் பக்கம் யாரும் போவதில்லை என்று அத்தானும் ஒத்துக்கொண்டார். அப்பாவுக்குக் காட்ட முடியாமல் போன தண்ணீர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில், அவருக்காகவே இறங்கப் போகிறோம்.

அதே புதன் இரவுதான் பெர்சீட் எரிகல் பொழிவு உச்சத்தில் இருக்கும். அன்றைக்கு ஸ்பெயினிலும் ஐஸ்லாந்திலும் முழுச் சூரிய கிரகணம், அப்படியென்றால் எங்கள் வானத்தில் நிலவு இருக்க வழியில்லை. நகரத்து வெளிச்சமும் அங்கே எட்டாது. நடுச்சாமத்துக்குப் பிறகு வடகிழக்கைப் பார்த்துப் படுத்தால் போதும். பிள்ளைகள் எல்லோருக்கும் டொக்கில் பாய் போட அனுமதி, பெரியவர் இருவர் காவல். ஊரில் வாங்கிய பன்பாய் ஒன்று அக்கா வீட்டு நிலக்கீழ் அறையில் கிடக்கிறது, அதையும் ஏற்றச் சொல்லியிருக்கிறேன். ஏரியில் லூன் பறவைகள் இருந்தால் இரவில் கூப்பிடும். ஒரு டொலர்க் காசில் இருக்கிற அதே பறவை. புதிதாகக் கேட்கிறவர்களுக்கு யாரோ அழுவது போல இருக்கும் என்று அண்ணாவின் சின்ன மகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

அறை பிரித்தாயிற்று. கீழ்த்தளத்து அறை அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும், படி ஏற வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு அறையே கொடுக்கவில்லை, எல்லோரும் ஹோலில். அண்ணாவின் மூத்தவன் பதினாறு வயதுக்காரன், தனக்குத் தனியறை வேண்டும் என்று செய்தி அனுப்பினான். வந்து ஒரு இரவு படுத்துப் பார்க்கட்டும், பிறகு பேசுவோம் என்று பதில் போட்டேன்.

இப்போதைக்கு மிச்சம் இரண்டு வேலை. அம்மாவின் அளவுக்கு ஒரு லைஃப் ஜாக்கெற் வாங்க வேண்டும். சேலைக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு கனூவில் ஏற அவவைச் சம்மதிக்க வைக்க வேண்டும். முதலாவது என் பொறுப்பு. இரண்டாவதை அக்கா ஏற்றிருக்கிறா. நேற்றுப் பேசியபோது அம்மா, கறுப்பு நிறத்தில் இருந்தால் போடமாட்டேன் என்ற அளவுக்கு இறங்கி வந்திருந்தா.